ஸ்பெயினுக்குப் போனவர்களின் கல்

“...எப்பிடிச் செத்தவர் எண்டு நான் கேக்கேல்லைத் தம்பி. அதைக் கேட்டு இனி என்ன செய்யிறது? அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம் எண்டு கேளும். அதை மட்டும் கேளும்.”

அக்கா இதைச் சொன்னபோது சேலைக்கு மேல் கார்டிகன் போட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு புல்லில் நின்றார். கிழக்கு லண்டனில், நாங்கள் இருந்த ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், ஒரு நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பூங்கா அது. அவருக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கருங்கல். கல்லுக்கு முன்னால் வாழையிலை, இலையில் சோறும் கறிகளும். பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, எழுபதைத் தாண்டியவர், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதை நான் இங்கிலீசில் சொல்ல வேண்டும்.

இந்த வேலை எனக்குப் புதிது இல்லை. கவுன்சில், டொக்டர், உதவிப்பணம் தரும் பெனிபிட் ஒபிஸ் என்று எத்தனையோ பேருக்காக இரண்டு பாசைக்கும் நடுவில் நின்றிருக்கிறேன். ஒருவர் நெஞ்சு எரிகிறது என்பார், நான் சொல்லுவேன். ஒருவர் சுவரில் ஈரம் என்பார், அதையும் சொல்லுவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் நாக்கு எழும்பவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்னால் அந்நிய மண்ணில் செத்துப்போன தமையனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று அந்த மனுசியிடம் எப்படிக் கேட்பது? அக்கா ஏன் கேட்டார் என்று சொல்வதென்றால் அந்தக் கல்லையும் சொல்ல வேண்டும், அக்காவின் தம்பியையும் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு பெற்றோல் செட்டில் வேலை செய்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்கும் வேலை. பெரிய படிப்பு எனக்குக் கிடையாது. இங்கிலீசைச் சனங்களின் வாயிலிருந்தும், எழுதி ஒட்டியிருந்த எல்லாவற்றிலிருந்தும் பொறுக்கினேன். பால் பெட்டி, பஸ்ஸில் இருக்கும் எச்சரிக்கை, கட்டடங்களில் பதித்த கல். லண்டனில் கல்லுக்குப் பஞ்சமில்லை. இன்ன பிரபு இங்கே இருந்தார், இன்ன தளபதி இங்கே பிறந்தார், பக்கத்தில் ஒரு குதிரை. ஊருக்கு ஊர் போரில் செத்தவர்களின் தூண் ஒன்றும் நிற்கும். நூலகத்துக்குப் பின்னால் இருந்த கல்லையும் அந்தக் கூட்டத்தில் ஒன்று என்றே நினைத்து, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கடந்துபோனேன்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும் காலையில், வாங்கில் இருந்து தேநீர் குடிக்கும்போது அதை வாசித்தேன். இந்த ஊரிலிருந்து தங்கள் சொந்த விருப்பத்தில் ஸ்பெயினுக்குப் போய், அந்த நாட்டு மக்களுக்குத் தோள் கொடுத்து நின்று மடிந்தவர்கள் என்று இருந்தது. கீழே பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் பட்டமோ பதவியோ இல்லை, அவரவர் செய்த தொழில். தையற்காரர். பேக்கரித் தொழிலாளி. பஸ் கண்டக்டர். கதிரைகளுக்கு, சோபாக்களுக்கு மெத்தை தைப்பவர். ஒரு தாதி.

தேநீர் ஆறிப்போனது. நூலகத்துக்குள் போய் விசாரித்தேன். முப்பதுகளில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வந்ததாம். சனங்கள் தெரிந்தெடுத்த அரசாங்கத்துக்கு எதிராகப் பட்டாளம் கிளம்ப, அந்த அரசாங்கத்தின் பக்கம் நிற்கப் பல நாடுகளிலிருந்தும் சாதாரண ஆட்கள் தாங்களாகவே போனார்களாம். இங்கே இவர்களுடைய அரசாங்கம் போகாதே என்று சொல்லியும் போனார்களாம். திரும்பி வந்தவர்களுக்கு அரசாங்கத்தின் மேளதாளம் ஒன்றும் இல்லை. வராதவர்களுக்குக் கல்லும் இல்லை. நான் பார்த்த கல்லை ஊரார் சேர்ந்து வைத்ததே சில வருடங்களுக்கு முன்னால்தான்.

வெளியே வந்து திரும்பவும் அதன் முன்னால் நின்றேன். நாங்கள் ஒரு சண்டையிலிருந்து ஓடி இந்த ஊருக்கு வந்தவர்கள். இதே ஊரிலிருந்து, நான் பால் வாங்கும் இதே தெருக்களிலிருந்து, மொழி தெரியாத ஒரு சனத்தின் சண்டைக்கு ஒரு பேக்கரிக்காரன் ஓடிப் போயிருக்கிறான். மாவு பிசைந்த கை. தொப்பியைக் கழற்றினேன். என் தலையில் இருந்தது பெற்றோல் செட்டுக்காரன் தந்த தொப்பி என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அக்கா எனக்கு இரத்த உறவு இல்லை. அவருடைய வீட்டின் மேல் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அவர் உடுப்புத் தைக்கும் ஃபக்டரியில் வேலை செய்தார். அவருடைய கணவரை நான் அண்ணை என்பேன். அக்கா நல்ல வாயாடி. குளிர் வந்தால், “இந்த ஊர்ச் சூரியனும் பார்ட் டைம்தான்” என்பார். அவர் சொல்லும் இப்படியானவற்றை மனதில் வைத்திருந்து, அடுத்தநாள் பெற்றோல் செட்டில் நான் கண்டுபிடித்தது போலச் சொல்லுவேன்.

அப்படிக் கதைக்கிறவர் ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அவருடைய தம்பி. தாய் நேரத்தோடு செத்துப்போக அக்காதான் அவனைத் தூக்கி வளர்த்தார். ஒருநாள் காலை ரியூசனுக்குப் போறன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் இயக்கத்துக்குப் போய்விட்டான். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் அதை ‘போயிட்டான்’ என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். அக்கா லண்டனுக்கு வந்து சில வருடங்களின் பின், அவனோடு ஒரே முகாமில் இருந்த ஒரு பெடியன் இங்கே வந்து சேர்ந்தான். அவன் சொன்னது இவ்வளவுதான். கொஞ்சப் பேரோடு ஒருநாள் வெளிக்கிட்டுப் போனவன், சிலர் திரும்பி வந்தார்கள், இவன் வரவில்லை. செத்ததைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை.

ஆகவே அக்கா ஒவ்வொரு வருடமும் ஆடியில், தம்பியின் பிறந்த நட்சத்திரத்தன்று, கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது. செத்தவர்களுக்குச் செய்வது படையல். இலை போட்டு, சோறு கறி வைத்து, வந்து சாப்பிடு என்று ஆளைக் கூப்பிடுவது. இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருவனுக்குச் செய்வதற்கு எங்களிடம் மூன்றாவதாக ஒன்று கிடையாது.

அண்ணையின் தமையன் லண்டனின் மறு முனையில், ஹரோவில் இருந்தார். கணக்காளர். மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் இருந்தபடி பேப்பரை முதல் பக்கம் தொடக்கம் கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்குவார். அந்த வருடம் ஆடிக்கு முன்னால் வந்தவர், அக்காவைக் கூப்பிட்டு இருத்தினார்.

“இஞ்சை பார் தங்கச்சி, நான் உனக்குக் கெட்டது சொல்லேல்லை. ஒரு ஐயரைப் பிடிச்சு அந்தியேட்டிக் கிரியையைச் செய்து, ஒரு படையலைப் போட்டு, அந்தப் பெடியனை அனுப்பி விடு. நீ இப்பிடிப் பிடிச்சு வைச்சிருந்தால் அவன் எங்கை போறது?”

“ஆர் பிடிச்சு வைச்சிருக்கிறது?”

“வருசா வருசம் அர்ச்சனை செய்யிறாய். ஐயரும் கேக்கிறார்.”

“என்ன கேக்கிறார்?”

“ஆள் இருக்கோ எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

ஹரோக்காரர் கோப்பையைத் தூக்கினார். “ரீ நல்லாயிருக்கு” என்றார்.

“அண்ணை, ரீயைக் குடியுங்கோ” என்றார் அக்காவின் கணவர். “அவ தன்ரை தம்பியைத் தான் பாத்துக்கொள்ளுவா.”

ஹரோக்காரர் போன பிறகு அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி எங்கள் இருவருக்கும் சொன்னார். “நான் கண்டனான் எண்டு ஒரு ஆள் வந்து சொல்லட்டும். அண்டைக்கே படைக்கிறன். காணாத ஆக்கள் சொல்லி நான் என்ரை தம்பியைச் சாகக் குடுக்கேலாது.”

அதற்குப் பிறகு சில நாள் வீட்டில் கதையே குறைந்துபோனது. அந்த வெறுமையை நிரப்பத்தான் நான் கல்லைப் பற்றிச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அக்கா புட்டு அவித்துக்கொண்டிருந்தார்.

“தாங்களாப் போனதோ?” என்றார்.

“ஓம் அக்கா.”

“ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு போகேல்லையோ?”

“இல்லை. போக வேண்டாம் எண்டுதான் அரசாங்கம் சொன்னதாம்.”

“அப்ப வீட்டுக்காரர்?”

“வீட்டுக்காரருக்கு ஆர் சொல்லிப்போட்டுப் போனது?”

அக்கா அடுப்பைக் குறைத்தார். “வெள்ளைக்காரப் பெடியளும் சொல்லாமல்தான் போறதோ” என்றார். பிறகு, “எந்தப் பஸ்?” என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். பூங்காவுக்குள் போனதும் அக்கா சப்பாத்தைக் கழற்றினார். நான் வேண்டாம் என்றேன், புல் ஈரமாக இருந்தது, நாய் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் பார்த்தார்கள். “சப்பாத்தோடை போய் முன்னாலை நிக்கிறதோ?” என்று கேட்டுவிட்டு நடந்தார். நானும் கழற்றினேன். கல்லைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தவர், “இதுக்குக் கீழை ஆக்கள் இருக்கினமோ?” என்றார்.

“இல்லை அக்கா. அங்கைதான். எந்த இடம் எண்டே சில பேருக்குத் தெரியாதாம். இஞ்சை பெயர் மட்டும்.”

“ஆளில்லாமல் கல்லோ?”

நான் பதில் சொல்லுமுன், வாங்கில் பூக்களோடு இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா எங்கள் கால்களைப் பார்த்து, “குளிரவில்லையா, லவ்?” என்று கேட்டார். கிழக்கு லண்டன் மனுசிகளுக்கு எல்லோரும் லவ்தான், பஸ் ஓட்டுகிறவன் தொடக்கம் பாண் விற்கிறவன் வரை. அக்காவுக்கு அந்த ஒரு சொல் விளங்கிவிட்டது. “என்ன, உம்மை லவ் எண்டு கூப்பிடுறா? பழக்கமோ?” என்றார். நான் முதல் முறையாக அந்த அம்மாவைக் காண்கிறேன் என்று நம்பவைக்கப் பெரும்பாடு பட்டேன்.

கல்லில் இருந்த பேக்கரித் தொழிலாளி அவருடைய தமையன். ஒரு வெள்ளிக்கிழமை, சனி ஞாயிறுக்குப் பாரிசைப் பார்க்கப் போகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனவராம். அந்தக் காலத்தில் அப்படி இரண்டு நாள் டிக்கெட் எடுத்தால் பாஸ்போர்ட் தேவையில்லை, அதனால் அந்தப் பொய்யைத்தான் பல பேர் சொன்னார்களாம். திங்கட்கிழமை அடுப்பு மூட்ட வந்துவிடுவேன் என்று பேக்கரி முதலாளியிடமும் சொல்லியிருந்தாராம். நான் சொல்லச் சொல்ல அக்கா அந்த அம்மாவை விட்டுக் கண் எடுக்கவில்லை. “பாரிஸ் எண்டு சொன்னவராமோ” என்றார். ரியூசன் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, எனக்குக் கேட்டது.

அந்த அம்மா மேலும் சொன்னார். தமையன் விழுந்ததைக் கண்டவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. தாய் சாகும் வரைக்கும் மகன் செத்துவிட்டான் என்ற வார்த்தையை வாயால் சொல்லவில்லை. பல வருடங்கள் கழித்து ஊரார் கல் வைக்க முடிவு செய்தபோது, ஒரு மனிதர் இவரிடம் வந்து, உங்கள் தமையனின் பெயரையும் வெட்டலாமா என்று கேட்டிருக்கிறார். அந்தக் குடும்பத்தில் அப்போது மிஞ்சியிருந்தது இவர் ஒருவர்தான். அடுத்த கிழமை வா என்று அனுப்பிவிட்டார். அடுத்த கிழமையும் அப்படியே அனுப்பினார். பிறகு வந்தபோது ஓம் என்றார். “கல்லை நிறுத்தின அன்று எல்லோரும் வந்தார்கள். நான் வரவில்லை. வீட்டில் இருந்து சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். நான்தான் அவனைக் கொன்றுவிட்டது போல இருந்தது” என்றார்.

இந்தக் கடைசி வசனத்தைத் தமிழில் சொல்லாமல் விழுங்கிவிடலாமா என்று பார்த்தேன். அக்கா, “என்ன சொல்லுறா, முழுக்கச் சொல்லும்” என்றார். சொன்னேன்.

அக்காவும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும் இடத்துக்கு முன்னால், “அந்த மனுசியைப் பாக்க எனக்குப் பயமாக் கிடந்தது தம்பி” என்றார். “ஓம் எண்டு சொல்லிப்போட்டு, பிறகும் பூவோடை வந்து அதுக்கு முன்னாலை இருக்கிறா. அந்தத் தைரியம் எங்கையிருந்து வந்தது?” எனக்கும் அதே மலைப்பு. ஸ்பெயினுக்குப் போன பேக்கரிக்காரனைப் பார்த்து மலைத்தவன் நான். இப்போது அவனுடைய பெயரைக் கொடுத்த தங்கையைப் பார்த்து மலைத்தேன்.

அந்த அம்மா போகுமுன் ஒன்று சொல்லியிருந்தார். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆண்டுக் கூட்டம், நீங்களும் வரலாம் என்று. அந்த வருடம் அக்காவின் தம்பியின் நட்சத்திரமும் அந்த ஞாயிறில்தான் வந்தது. ஹரோக்காரர் போன் எடுத்து, கோயிலுக்குப் போனால் ஐயரோடு கதைக்கச் சொன்னார். அக்கா, “ஓம் ஓம்” என்று வைத்துவிட்டார். ஞாயிறு காலை எனக்கு முன்பே எழுந்து சமைத்து, பெரிய பை ஒன்றோடு ஹோலில் நின்று, “வெளிக்கிடும், பஸ் போயிடும்” என்றார். பிறகு கோயிலுக்குப் போவாராக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்தை நான் எந்தக் கோயில் திருவிழாவுக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன். சனம் அதிகமில்லை. முன்வரிசையில் ஸ்பெயினுக்குப் போய்த் திரும்பி வந்த சில கிழவர்கள். கறுப்புத் துணித் தொப்பி, காதில் கேட்கும் கருவி, நடுங்கும் கைகள். சாயம் போன ஒரு பழைய கொடியை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். ஒரு ஆசிரியை பெயர்களைத் தொழிலோடு சேர்த்து வாசித்தார். பெயர் வாசிக்கத் தொடங்கியதும் சக்கர நாற்காலியில் இருந்த கிழவர் ஒருவர், வேண்டாம் என்று மகள் தோளை அமத்த அமத்த, எழுந்து நின்றார். கடைசிப் பெயர் முடியும் வரை நின்றார். பிறகு அந்தக் கிழவர்கள் ஸ்பானிய மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்கள். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். பாடி முடிய எல்லோரும் கைவிரல்களைப் பொத்தி உயர்த்தினார்கள். உயராத கைக்குப் பக்கத்தில் நின்றவர் முண்டு கொடுத்தார்.

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தார். “இவை எல்லாம் அப்ப எத்தினை வயசுப் பெடியளாயிருந்திருப்பினம்?”

“இருபது, இருபத்திரண்டு இருக்கும் அக்கா.”

“எங்கடை பெடியளும் வயசு போனால் இப்பிடித்தான் வந்து நிக்குங்களோ” என்றார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் நூலகத்து மண்டபத்தில் தேநீர் குடிக்கப் போனார்கள். பேக்கரிக்காரரின் தங்கை மட்டும் போகாமல் வாங்கில் இருந்தார். அக்கா சப்பாத்தைக் கழற்றி, பையிலிருந்து வாழையிலையை எடுத்து விரித்து, சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல் என்று வைக்கத் தொடங்கினார். ஹரோக்காரர் சொன்ன படையலோ என்று பார்த்தேன். என் முகத்தைக் கண்டதும், “இது கல்லிலை இருக்கிறவைக்கு” என்றார். “எத்தினை வருசம், ஒருத்தரும் ஒரு பிடி சோறு வைக்கேல்லை. பூவைச் சாப்பிடுறதோ?”

புறாக்கள் வந்துவிட்டன. அந்த வெள்ளைக்கார அம்மா ஒன்றும் கேட்காமல், குடையை நீட்டி அவற்றைத் துரத்தினார். துரத்திக்கொண்டே, “யாருக்கு?” என்று என்னிடம் கேட்டார். உங்கள் ஆட்களுக்கு என்றேன். குடை அப்படியே நின்றது. “எங்கள் ஆட்களுக்கா” என்றார். அக்காவின் பக்கம் திரும்பி, தமையன் எப்படிச் செத்திருக்கலாம் என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினார், ஒரு ஆற்றைக் கடக்கும்போது என்று. இந்த உபசாரத்துக்கு அந்தக் கதையையாவது தர வேண்டும் என்று நினைத்திருப்பார்.

அப்போதுதான் அக்கா அவரை மறித்து அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்த எட்டாம் நாள், அவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். மீன் என்றால் மீன், கள்ளு என்றால் கள்ளு. அந்த மனிதருக்கு எது பிடிக்கும் என்று தெரியாமல் கத்தரிக்காயை வைத்துவிட்டோமே என்பதுதான் அக்காவின் கவலை. நான் தயங்கித் தயங்கி, மன்னிக்க வேண்டும் என்று தொடங்கி, ஒருவாறு இங்கிலீசில் கேட்டேன்.

அந்த அம்மா குடையை மடியில் வைத்தார். கேட்டிருக்கக் கூடாது என்று நான் அக்காவைப் பார்த்தேன்.

“எந்த மலையில் நின்றான், யாரோடு நின்றான், எந்தத் துவக்கு வைத்திருந்தான் என்றெல்லாம் கேட்க ஆட்கள் வந்தார்கள்” என்றார் அந்த அம்மா. “இதை யாரும் கேட்கவில்லை, லவ்.” பிறகு சிரித்தார். “பால் விட்டு அரிசியில் செய்யும் புட்டிங். அதிலும் மேலே கருகி நிற்கும் ஆடை. பேக்கரியில் வேலை செய்கிறவன், கேக்கைத் தொட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆடைக்கு அவனும் நானும் அடிபடுவோம். அம்மா அவனுக்குத்தான் கொடுப்பாள். அவன் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆடையைச் சுரண்டி ஒரு சின்னத் தட்டில் போட்டு மூடி வைப்பாள். நான் கேட்டால்கூடத் தர மாட்டாள். அடுத்தநாள் எடுத்து எறிவாள். சாகும் வரைக்கும் வைத்தாள்.”

தமிழில் சொன்னேன். அக்கா, “பாற்சோறு” என்றார். “அடிப்பிடிச்சது.” பிறகு மெதுவாக, “தாய் வைச்சவவோ? செத்திட்டான் எண்டு வைச்சவவோ, வருவான் எண்டு வைச்சவவோ?”

நான் கேட்டேன். அந்த அம்மா தலையை ஆட்டினார்.

“எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வைப்பாள்.”

இதையும் சொன்னேன். அக்கா அந்த அம்மாவின் கையை ஒரு தரம் தொட்டுவிட்டு, இலைக்கு முன்னால் குந்தினார். பையின் அடியில் கையை விட்டு, துணியில் சுற்றிய ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். சுறா வறை, சுறாவை அவித்து உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுத்தது. நான் இருந்த காலம் முழுக்க அந்த வீட்டில் சமைக்காத ஒன்று, அது ஏன் என்று எனக்கு ஒருநாளும் தெரியாமல் இருந்தது. மீன் மச்சம் சமைத்த கையோடு அக்கா கோயில் வாசல் மிதிக்க மாட்டார். விடியும்போதே அர்ச்சனைக்குப் போகும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இலையின் ஓரத்தில், மற்றச் சோற்றோடு சேராமல், ஒரு பிடி சோறு வைத்தார். அதன் மேல் சுறா வறையை, டப்பாவில் ஒன்றும் மிஞ்சாமல் வழித்துப் போட்டார். போத்தலில் இருந்து தண்ணீரைக் கையில் ஊற்றி இலையைச் சுற்றித் தெளித்தார். பிறகு நிமிர்ந்து, பக்கத்து அறையில் புத்தகத்தோடு இருக்கும் ஒருவனைக் கூப்பிடுவது போல, தம்பியின் பெயரைச் சொல்லி, ஆறப்போகுது, வந்து சாப்பிடு என்று கூப்பிட்டார்.